வானம் வெளுக்காமல், தரை கறுக்காமல்: நிலக்காட்சிப் படத்தைத் திருத்தும் முறை

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கடற்கரையில் சூரியன் எழும் நேரத்தில் எடுத்த படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடிவானத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள், மேலே செம்மஞ்சள் மேகம், எல்லாம் நன்றாக வந்திருக்கும். காலடியில் இருந்த அலைதடுப்புக் கற்கள் மட்டும் கரேலென்று கிடக்கும். கற்கள் தெரியும்படி எடுத்திருந்தாலோ மேகம் மொத்தமும் போய், வானம் வெறும் வெள்ளையாகியிருக்கும். நேரில் நின்றபோது இரண்டுமே தெரிந்ததே என்று தோன்றும். தெரிந்ததுதான். மேகத்தைப் பார்க்கும்போது கண் ஒரு மாதிரியும், கல்லைப் பார்க்கும்போது வேறு மாதிரியும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு சொடுக்குக்கு ஒரே அளவு வெளிச்சம்தான். இன்றைய நல்ல கேமராக்கள் ஏறக்குறைய 12 முதல் 14 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது) பதிவு செய்யும் என்றாலும், திரையில் முதலில் தெரியும் படத்தில் அதில் ஒரு பகுதியைத்தான் பார்க்கிறோம். மீதி கோப்புக்குள் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவருவதுதான் திருத்தம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வானத்தையும் தரையையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது நம் வேலை இல்லை. வெளிச்சம் மேலிருந்துதான் வருகிறது. திருத்தி முடித்த பிறகும் வானம் தரையைவிட ஒரு படி கூடுதல் வெளிச்சத்தோடுதான் இருக்க வேண்டும். இடைவெளியைக் குறைக்கலாம், அழித்துவிடக் கூடாது. இணையத்தில் பார்க்கும் 'ஏதோ ஒட்டவைத்த மாதிரி இருக்கிறதே' என்று தோன்றும் படங்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில் கோட்டை விட்டவைதான்.

எடுக்கும்போது

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு தகவல். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் எழும், மாலை ஏழை ஒட்டித்தான் மறையும். 1982 முதல் இங்குள்ள கடிகாரம் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. சென்னைப் பழக்கத்தில் ஐந்தரைக்கே கடற்கரையில் போய் நின்றால் கொசுக்கடிதான் மிச்சம். இன்னொன்று, நிலநடுக்கோட்டுக்கு 1.3 டிகிரி வடக்கில் இருப்பதால் சூரியன் சாய்ந்து இறங்காமல் ஏறக்குறைய நேராகக் கீழே போகிறது. அந்திவெளிச்சம் மளமளவென்று தீர்ந்துவிடும். மரினா பே போன்ற இடத்தில் சூரியன் மறைந்து இருபது நிமிடம் ஆகும் நேரத்தில், கட்டட விளக்குகளும் வானமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்துக்கு வந்து நிற்கும். அந்தச் சில நிமிடங்களில் எடுத்த படத்துக்குத் திருத்தமே அதிகம் தேவைப்படாது. அந்த நேரத்தில் தொலைபேசியை எடுத்துக் குறுஞ்செய்தி பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

ரா வடிவில், அதாவது கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுங்கள். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான், 14 பிட் ரா கோப்பில் 16,384. விடியற்கால வானம்போல் மெல்ல மெல்ல நிறம் மாறும் இடத்தை ஜேபெக்கில் பிடித்து இழுத்தால் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். ராவில் அது தாங்கும். கைத்தொலைபேசியிலும் வழி உண்டு. ஐபோன் புரோ மாதிரிகளில் புரோரா, சாம்சுங்கின் உயர்ரக மாதிரிகளில் எக்ஸ்பர்ட் ரா.

வெளிச்ச அளவை வானத்துக்கு ஏற்றபடி வையுங்கள். முழுக்க வெளுத்துப்போன இடத்தில் எதுவுமே பதிவாகியிருக்காது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளாலும் அங்கே மேகத்தை வரவைக்க முடியாது. கறுத்த இடம் அப்படி இல்லை, இழுத்தால் வரும். கூடவே நாய்ஸ் எனப்படும் புள்ளிகளும் வரும் என்பதால் கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவைக் குறைவாக, முடிந்தால் 100இல், வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 100இல் எடுத்துத் தரையை இரண்டு ஸ்டாப் ஏற்றினால், அந்தப் பகுதி ஏறக்குறைய 400இல் எடுத்ததுபோல் இருக்கும். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. 1600இல் எடுத்துவிட்டு அதே இரண்டு ஸ்டாப் ஏற்றினால் தெரியும் சங்கதி. கைத்தொலைபேசி என்றால் வானத்தைத் தொட்டு, வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

முக்காலி இருந்தால் ஒரே காட்சியை மூன்று அளவில் எடுத்து வையுங்கள்: சரியான அளவு, இரண்டு ஸ்டாப் குறைவு, இரண்டு ஸ்டாப் கூடுதல். பெரும்பாலான கேமராக்களில் பிராக்கெட்டிங் என்ற பெயரில் இது இருக்கும். லென்சின் துளை அளவான அபெர்ச்சரை மாற்றாமல், ஒளி படும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றும்படி வைக்க வேண்டும். மூன்றும் தேவைப்படாமலே போகலாம், ஆனால் தேவைப்படும்போது திரும்பிப் போய் எடுக்க முடியாது.

அப்புறம், ஏர்கான் அறையிலிருந்து நேரே வெளியே எடுத்து வந்த கேமராவின் லென்சில் ஆவி படியும். அந்த மங்கலை எந்த ஸ்லைடரும் சரிசெய்யாது. கிளம்பும் முன் பையோடு அரை மணி நேரம் வரவேற்பறையில், ஏர்கான் இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

முதலில் பாருங்கள், பிறகு தொடுங்கள்

படத்தைத் திறந்ததும் ஸ்லைடரில் கை வைக்காதீர்கள். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இடப்பக்கம் இருள், வலப்பக்கம் வெளிச்சம். நம் மாதிரிப் படத்தில் இரு பக்கமும் மேடும் நடுவில் பள்ளமுமாக இருக்கும். இந்தச் சிக்கலின் அடையாளமே அதுதான். வலது சுவரில் போய் மோதி நின்றால் ஏதோ வெளுத்திருக்கிறது. எது என்று தெரிய, லைட்ரூம் கிளாசிக் என்ற திருத்தும் மென்பொருளில் ஜே விசையைத் தட்டினால் வெளுத்த இடம் சிவப்பாகவும் முழுக்க இருண்ட இடம் நீலமாகவும் காட்டும். டார்க்டேபிள் என்ற மென்பொருளிலும் இதேபோல் எச்சரிக்கைக் குறி உண்டு.

சூரியனே படத்துக்குள் இருந்தால் அந்த வட்டம் வெளுத்துத்தான் இருக்கும். அதை விட்டுவிடுங்கள். தண்ணீரில் மின்னும் சில புள்ளிகளும் அப்படித்தான். மேகத்தில் கையகலத்துக்குச் சிவப்புத் தெரிந்தால் யோசிக்க வேண்டும். வானம் முழுவதும் சிவப்பு என்றால் அந்தப் படத்தை மூடிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

இங்கே ஒரு கசப்பான உண்மை. சிங்கப்பூரின் மதிய வானம் பல நாள் நீலமே இல்லை. ஈரப்பதம் மிகுந்த காற்றில் எல்லாம் வெளுத்த சாம்பல் நிறம்தான். புகைமூட்டக் காலம் என்றால் சொல்லவே வேண்டாம். அந்த வானத்தில் வெளிச்சத்தைக் குறைத்தால் நீலம் வராது, அழுக்குச் சாம்பல்தான் வரும். வானத்தைக் கொஞ்சமாக வைத்து, தரையில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும்படி படத்தை வெட்டிவிடுவது நல்லது. வேறு வானத்தை வாங்கி ஒட்டும் வசதியும் மென்பொருள்களில் வந்துவிட்டது. எனக்கு அதில் விருப்பம் இல்லை. வெயில் ஒரு பக்கம், நிழல் வேறு பக்கம் என்று மாட்டிக்கொள்வதும் அதில் சகஜம்.

படம் முழுவதற்குமான திருத்தம்

நிற வெப்பநிலையை, அதாவது வைட் பேலன்ஸை, முதலில் சரிசெய்யுங்கள். பிறகுதான் வெளிச்சம். ஈஸ்ட் கோஸ்ட் படத்துக்கு நான் ஏறக்குறைய இப்படிப் போவேன்:

1. ஹைலைட்ஸ் −50 அல்லது −60. மேகத்தின் விளிம்புகள் திரும்ப வரும்.
2. ஷேடோஸ் +35 அல்லது +40. கற்கள் எட்டிப் பார்க்கும். இதற்கு மேல் இந்தக் கட்டத்தில் போகாதீர்கள்.
3. வைட்ஸ் கொஞ்சம் மேலே, பிளாக்ஸ் கொஞ்சம் கீழே. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினால் எந்த இடத்தில் வெளுக்கத் தொடங்குகிறது என்று தெரியும், அதற்கு முன் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹைலைட்ஸைக் கீழே இழுத்து, ஷேடோஸை மேலே ஏற்றி, அதோடு நிறுத்தினால் படத்தில் கறுப்பும் இல்லை வெள்ளையும் இல்லை என்றாகிவிடும். எல்லாம் நடுவில் வந்து குந்திக்கொள்ளும், உயிர் இருக்காது. கற்களுக்கு இடையில் உள்ள இடுக்குகள் கறுப்பாகவே இருக்கட்டும். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

டார்க்டேபிள் பயன்படுத்துபவர்கள் டோன் ஈக்வலைசரைத் தேடுங்கள். வெளிச்ச அளவு வாரியாகப் பிரித்து ஏற்றி இறக்கலாம். பழக ஒரு வாரம் ஆகும், பழகிவிட்டால் விடமாட்டீர்கள். அதுவும் இலவசம்.

வானம் தனி, தரை தனி

முழுப் படத்துக்குமான ஸ்லைடர்கள் பாதித் தூரம்தான் கொண்டு விடும். மீதியை, படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து திருத்த உதவும் மாஸ்க் போட்டுத்தான் கடக்க வேண்டும்.

கடல் படம் என்றால் சுலபம். அடிவானம் நேர்கோடு. லைட்ரூமில் லீனியர் கிரேடியன்ட் (படிப்படியாக மங்கும் மாஸ்க்) எடுத்து மேலிருந்து கீழே அடிவானம் வரை இழுத்து, எக்ஸ்போஷரை −0.5 அளவுக்கு இறக்குங்கள். டார்க்டேபிளில் இதற்குப் பெயர் கிராஜுவேட்டட் டென்சிட்டி. மாறும் பகுதியை அகலமாக வையுங்கள். ஒடுக்கமாக வைத்தால் அடிவானத்துக்கு மேலே ஒரு கறுப்புக் கோடு விழுந்ததுபோல் தெரியும், கப்பல்களின் மேல்பாதி மட்டும் இருண்டு நிற்கும். பிறகு இன்னொரு கிரேடியன்ட், கீழிருந்து மேலே, கற்களுக்கு. எக்ஸ்போஷர் +0.7. அதிகாலையில் சூரியன் நேராகப் படாத கற்களுக்கு நீல வானத்தின் ஒளிதான் கிடைக்கிறது. ஏற்றியதும் அந்த நீலம் பளிச்சென்று தெரியும். அந்த மாஸ்க்குக்குள்ளேயே டெம்ப் ஸ்லைடரைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளுங்கள். முழுக்கத் தள்ள வேண்டாம், நிழலில் சற்று நீலம் இருந்தால்தான் காலை நேரம் மாதிரி இருக்கும்.

சரி, நேர்கோடு இல்லாத இடத்தில் என்ன செய்வது? சிங்கப்பூரில் பெரும்பாலும் அப்படித்தான். சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலின் கோபுரத்தைச் சாலையோடு சேர்த்து எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். வானத்துக்குக் கிரேடியன்ட் போட்டால் கோபுரத்தின் மேல்தளங்களும் சேர்ந்து இருண்டுபோகும், கீழே நிலைவாசல் மட்டும் வெளிச்சமாக நிற்கும். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள், மரினா பேயின் மூன்று கோபுரங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, செலக்ட் ஸ்கை. லைட்ரூமில் 2021இல் வந்தது. ஒரே தட்டில் வானத்தைத் தேர்ந்தெடுக்கும். வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஓ விசையைத் தட்டி மாஸ்க்கைச் சிவப்பாகக் காட்டவைத்து, நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி விளிம்போடு ஊர்ந்து பாருங்கள். கோபுரத்துச் சிற்பங்களின் உயர்த்திய கைகளுக்கும் தலைக்கும் நடுவில் சின்னச் சின்ன வானத் துண்டுகள் இருக்கும். மென்பொருள் அவற்றை அடிக்கடி விட்டுவிடும். வெளியே வானம் இருண்டிருக்க, கைக்கு நடுவில் மட்டும் பழைய வெள்ளை நிற்கும். கலசங்களின் நுனியில் இதற்கு நேர்மாறு, உலோகத்தையும் வானத்தோடு சேர்த்துவிடும். பிரஷ்ஷை எடுத்து, விட்டதைச் சேர்த்து, கூடுதலாகப் போனதைக் கழித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, படத்தின் தரமே மாறும்.

இரண்டாவது, கிரேடியன்ட்டையும் வெளிச்ச அளவையும் வெட்டவிடுவது. லீனியர் கிரேடியன்ட்டைப் போட்டுவிட்டு, இன்டர்செக்ட் கொடுத்து லூமினன்ஸ் ரேஞ்சைத் தேர்ந்தெடுத்து, வெளிச்சமான பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோபுரம் வானத்தைவிட இருண்டிருப்பதால் தானாக விலகிக்கொள்ளும். மரங்களுக்கு இதுதான் கைகொடுக்கும். நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் இலைகளுக்கு நடுவில் ஆயிரம் ஓட்டைகள். அங்கே பிரஷ்ஷும் பலிக்காது, செலக்ட் ஸ்கையும் தடுமாறும். வெள்ளை அடித்த வீவக புளோக்குகளிடம் மட்டும் இந்த வழி தோற்கும். வெயில் பட்ட சுவர் வானத்தின் வெளிச்சத்திலேயே இருக்கும், இரண்டையும் பிரிக்க முடியாது. அங்கே முதல் வழிக்குத் திரும்புங்கள்.

மூன்றாவது, வானத்தைத் தொடாமல் தரையை மட்டும் ஏற்றுவது. வானத்துக்கு அளந்து எடுத்த படமாக இருந்தால் பல நேரம் இதுவே போதும். செலக்ட் ஸ்கையை எடுத்து இன்வெர்ட் செய்தால் தரை முழுவதும் கிடைக்கும்.

கைத்தொலைபேசி மட்டும்தான் என்றால்

லைட்ரூமின் கைத்தொலைபேசிப் பதிப்பில் மாஸ்க் வசதிக்குச் சந்தா கேட்கும். ஸ்னாப்சீட் என்ற செயலி இலவசம். பதிப்புக்குப் பதிப்பு பொத்தான்களின் இடம் மாறும், ஆனால் முறை இதுதான்.

டியூன் இமேஜைத் திறந்து ஹைலைட்ஸைக் குறைத்து, ஷேடோஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஆம்பியன்ஸைத் தொடாதீர்கள், அது நல்லதுபோல் காட்டி நிறத்தைக் கெடுக்கும். பிறகு செலக்டிவ். வானத்தில் ஒரு புள்ளி வைத்து இரண்டு விரலால் வட்டத்தைப் பெரிதாக்கி, பிரைட்னஸைக் குறையுங்கள். அந்தப் புள்ளியின் நிறத்தை ஒத்த இடங்களைத்தான் அது மாற்றும் என்பதால் கட்டட விளிம்புகளை ஓரளவு தானே மதித்து நடக்கும். தரைக்கும் இதேபோல் ஒன்றிரண்டு புள்ளிகள். எச்டிஆர் ஸ்கேப் என்று ஒன்று இருக்கும். ஒரே தட்டில் எல்லாம் பளபளவென்று மாறுவதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். மேகத்தைச் சுற்றி அழுக்கும், முகங்களில் கரியும் பூசுவது அதுதான்.

இரண்டு படங்களை ஒன்றாக்குவது

ஒரே கோப்பில் இரண்டும் அடங்காத அளவுக்கு வித்தியாசம் இருந்தால் பிராக்கெட் எடுத்து வைத்த படங்கள் உதவும். இது இன்று நேற்று வந்த தந்திரம் இல்லை. 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளை இப்படித்தான் செய்தார். அந்தக் காலத்துக் கொலோடியன் தகடுகளில் நீல ஒளி மிக வேகமாகப் பதியும் என்பதால் கடலுக்கு அளந்தால் வானம் வெளுத்துவிடும். அவர் கடலுக்கு ஒரு தகடும் வானத்துக்கு ஒரு தகடும் எடுத்து, அடிவானத்தில் சேர்த்து அச்சிட்டார்.

லைட்ரூமில் மூன்று படத்தையும் தேர்ந்தெடுத்து போட்டோ மெர்ஜ், எச்டிஆர் என்று கொடுத்தால் ஒரே டிஎன்ஜி கோப்பாக வரும், அதை மேலே சொன்ன முறையில் திருத்தலாம். காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்கு கிம்ப் என்ற இலவச மென்பொருள்:

1. இரண்டு ரா கோப்புகளையும் டார்க்டேபிளில் ஒரே வைட் பேலன்ஸில் வைத்து 16 பிட் டிஃப் கோப்புகளாக வெளியே எடுங்கள்.
2. கிம்ப்பில் ஓபன் ஆஸ் லேயர்ஸ் மூலம் இரண்டையும் ஒரே இடத்தில் திறங்கள். வானம் நன்றாக வந்த, இருண்ட படம் மேலே இருக்க வேண்டும்.
3. மேல் லேயருக்கு மாஸ்க் சேருங்கள். என்ன வகை என்று கேட்கும்போது அந்த லேயரின் சாம்பல்நிற நகல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சமான வானம் மாஸ்க்கில் வெண்மையாகிவிடுவதால் மேல் படத்தின் வானம் தெரியும், தரை கறுப்பாவதால் கீழ்ப் படத்தின் தரை தெரியும். கோபுரமோ மரமோ, விளிம்பை நீங்கள் வெட்ட வேண்டியதே இல்லை.
4. மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து காசியன் பிளர் கொடுங்கள். சேர்க்கை செயற்கையாகத் தெரிவது குறையும். அளவை நகர்த்தி நகர்த்திப் பார்த்து நிறுத்துங்கள்.

பிளர் அளவு பொருந்தாவிட்டால் கட்டடங்களைச் சுற்றி வெள்ளைப் பட்டை ஒன்று எழும். சாமி படத்தில் தலைக்குப் பின்னால் போடும் ஒளிவட்டம் மாதிரி, மரினா பேயின் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒன்று. இந்த வட்டம்தான் திருத்திய படம் என்பதை முதலில் காட்டிக்கொடுக்கும். அசையும் பொருள்களையும் பாருங்கள். பம்போட் படகு, இலை, நடந்து போனவர் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தால், அந்த இடத்தில் மாஸ்க்கைப் பிரஷ்ஷால் முழுக் கறுப்போ முழு வெள்ளையோ ஆக்கி, ஒரே படத்தை மட்டும் தெரியவிடுங்கள்.

முடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

தண்ணீர் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் விழும் மேகத்தின் பிம்பம், மேலே இருக்கும் மேகத்தைவிட எப்போதும் சற்று இருண்டே இருக்கும், தண்ணீர் எல்லா ஒளியையும் திருப்பி அனுப்புவதில்லை. வானத்தை இறக்கி, தரையோடு சேர்த்துத் தண்ணீரையும் ஏற்றியிருந்தால் பிம்பம் அசலைவிட வெளிச்சமாகிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்பது தெரிந்துவிடும்.

மேகத்தின் வெண்மை சாம்பலாகியிருந்தால் வானத்து மாஸ்க்கில் வைட்ஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மங்கலை நீக்கும் டீஹேஸ் போடுவதாக இருந்தால் பத்து, பதினைந்துக்கு மேல் வேண்டாம்.

வானம்தான் கூடுதல் வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று நான் சொன்ன விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. சுமத்ரா பக்கமிருந்து வரும் புயற்காற்று மழைக்கு முன் வானம் கருநீலமாகத் திரண்டு, எதிர்ப்பக்கத்து வெயில் கட்டடங்களில் பட்டுக்கொண்டிருக்கும். அப்போது தரைதான் வெளிச்சம், வானம்தான் இருட்டு. அந்தப் படத்தில் வானத்தை ஏற்றிச் சமன் செய்யப் போனால் காட்சியே போய்விடும். அதை அப்படியே விடுங்கள்.

திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவைத்துக்கொண்டு இரவில் திருத்தாதீர்கள். நைட் ஷிப்ட் போன்ற மஞ்சள் வடிகட்டிகளையும் அணைத்துவிடுங்கள். இணையத்தில் பகிர எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியில் ஜேபெக்காக எடுத்தால் போதும். அச்சடிப்பதாக இருந்தால் ஒரு நகலில் தரையை இன்னும் கால் ஸ்டாப் அளவுக்கு ஏற்றுங்கள். தாளுக்குச் சொந்த ஒளி இல்லாததால், திரையில் தெரிந்த கற்கள் அச்சில் மறுபடி இருட்டுக்குள் போய்விடும். பெரிய அளவில் சட்டம் போடும் முன் சின்ன அளவில் ஒரு பிரதி எடுத்து, படம் மாட்டப் போகும் அறையின் விளக்கிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள்.